கிளை வெட்டுகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டால் சென்னையின் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தெருக்களில் கிளை வெட்டும் வேலை மும்முரமாகிவிடும். கயிறும் அரிவாளுமாக வருகிறவரிடம் கூலி பேசி உடனே மரத்தில் ஏற்றிவிடுகிறோம். தலைக்கவசம் இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. அவர் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை.

மரம் விழுமோ என்ற பயம் நியாயமானதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2022 ஜூனில் கே.கே.நகரில் காரின் மேல் மரம் விழுந்து ஒரு பெண் வங்கி மேலாளர் இறந்தார். ஆனால் அந்தப் பயத்தில் மரத்தை மொட்டையடிப்பது பெரிய தவறு. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. வெட்டுவாய் வழியே உளுத்தலும் உள்ளே இறங்கும். சில ஆண்டுகளில் மரம் முன்பைவிட ஆபத்தானதாகிவிடும்.

வெட்டுவதற்கு முன் மரம் யாருடையது என்று பாருங்கள். தெருவோர மரம் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. நம் வாசலை மறைத்தாலும் அனுமதியின்றி அதில் கை வைக்கக் கூடாது. 1913 என்ற எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு இடங்களில் மரத்தையே அகற்றுவதென்றால், 2021-இல் ஏற்படுத்தப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுதான் முடிவு செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் மரத்தின் கிளை நம் எல்லைக்குள் நீண்டிருந்தால், அவர் நிலத்தில் கால் வைக்காமல் எல்லைவரை வெட்டலாம் என்பது பொதுவான சட்டக் கோட்பாடு. முதலில் அவரிடம் சொல்லிவிடுவதே முறை. வெட்டிய கட்டையும் அவருக்கே சொந்தம். விழும் நிலையிலுள்ள மரத்தை உரிமையாளர் கண்டுகொள்ளாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் மனு கொடுக்கலாம். மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ அவர் உத்தரவிட முடியும்.

அடுத்தது மின்சாரம். நகரின் இந்தப் பகுதிகளில் மின்கம்பி பெரும்பாலும் தரைக்கடியில்தான் ஓடுகிறது. அதனால் மேலே ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தெருவிளக்குக் கம்பியும் கேபிள் டிவி வயரும் கிளைகளுக்குள் பின்னிக் கிடக்கின்றன. எதில் மின்சாரம் ஓடுகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. வேரோடு சாய்ந்த மரம் புதைந்த கேபிளையும் இழுத்திருக்கலாம். மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைத்து, மின்சாரம் நின்றதை உறுதிசெய்யும்வரை யாரும் அருகில் போகக் கூடாது. அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம்.

பலர் ரம்பத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆளைக் கொல்வது கிளையின் எடை. மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், பாதி அறுபடும்போதே கிளை தன் கனத்தால் முறியும். அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு ஊஞ்சலாய் வீசி ஆள்மேல் வரும். முருங்கையும் மயிற்கொன்றையும் சட்டென்று முறியக்கூடியவை. ஆகவே மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழ்ப்பக்கத்தில் கிளையின் கனத்தில் கால் பங்கு அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிஞ்சிய துண்டை, கிளை புறப்படும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். வளையத்தை அறுத்துவிட்டால் காயம் ஆறாது. கனமான கிளையைக் கயிற்றில் கட்டி, மேல்கவட்டையில் போட்டு மெல்ல இறக்க வேண்டும். அந்தக் கயிறு வேறு, ஆளைப் பிடிக்கும் கயிறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

மெஷின் ரம்பத்தை மரத்தின் மேலே பழக்கமில்லாதவர் எடுக்கக் கூடாது. தரையிலும் அதன் நுனியின் மேல்பகுதி கட்டையில் பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்குக் கீழேயே இயக்க வேண்டும். கட்டையின் இரு முனையும் தாங்கலில் இருந்தால், நடுவில் மேலிருந்து அறுக்கையில் ரம்பம் நெரிபட்டுச் சிக்கும். மேலே சிறிது அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுங்கள். அல்லது தாங்கலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அறுங்கள். புயலில் வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை வில்லைப் போல விடுபடும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சொந்த மரத்திலிருந்து வெட்டிய வேம்பு, பூவரசுக் கட்டைகள் குப்பை அல்ல. முனைகளில் பெயின்ட் பூசி, இடையில் சட்டம் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காய வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும், கோணும். சந்தன மரம் மட்டும் விலக்கு: உங்கள் வீட்டில் நின்றாலும் வனத்துறை அனுமதியின்றி வெட்ட முடியாது.

கிளை வெட்டும் தொழிலாளி தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்க உதவுங்கள். விபத்து நேர்ந்தால் முதலில் 108. பிறகு இழப்பீடு பெற இலவசச் சட்ட உதவி வேண்டுமானால் 15100. அடுத்த முறை கூலி பேசும்போது பெல்ட், தலைக்கவசம், கீழே நிற்க இன்னோர் ஆள், இவற்றுக்கும் சேர்த்தே பேசுங்கள். இவை இல்லாமல் ஏறுகிறேன் என்று அவரே சொன்னாலும் ஏற விடாதீர்கள்.