மேடையில் சுதேசியம், துறைமுகத்தில் பஞ்சு

மங்களூர் என்றவுடன் மேல்கடற்கரைப் பட்டணத்தை நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். நாம் குறிப்பது விருத்தாசலத்திற்கு மேற்கே, கடலூர் ஜில்லாவின் கோடியிலுள்ள மங்களூரை. வானத்தை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் குடியானவர்களின் பூமி அது. சுதேசியத்தைப் பற்றித் தலைவர்கள் பேசுவதை நிறுத்துப் பார்ப்பதற்கு அதைவிடத் தக்க தராசு வேறில்லை என்பது நமது எண்ணம்.

2025 ஆகஸ்டு 15 அன்று பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி செங்கோட்டையில் செய்த பிரசங்கத்தில், குடியானவர்களின் நலனுக்குக் கேடு வருமாயின் தாம் மதில்போல் குறுக்கே நிற்பதாக உறுதி கூறினார். சுதேசிச் சரக்கு இங்கே விற்கப்படும் என்று கடைகளில் பலகை மாட்டும்படி வர்த்தகர்களையும் கேட்டுக்கொண்டார். அவ்வார்த்தைகளில் நாம் குறை காணவில்லை. ஆனால் மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 18 அன்று, அவருடைய சர்க்காரே அன்னிய நாட்டுப் பஞ்சின் மீதிருந்த 11 சதவிகித இறக்குமதித் தீர்வையை நீக்கி உத்தரவு பிறப்பித்தது. முதலில் செப்டம்பர் 30 வரையில் என்றார்கள். பத்து நாளைக்குள் அதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இத்தீர்வையை 2021-ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் விதித்ததும் இதே சர்க்கார்தான். குடியானவனுக்கு நன்மை செய்யவே விதிப்பதாக அன்று சொன்னார்கள். மதிலில் கதவு வைத்தது யார் என்று மங்களூர்க் குடியானவன் கேட்டால் அதற்கு விடை என்ன?

செப்டம்பர் 21 அன்று பிரதம மந்திரி மறுபடியும் தேச மக்களிடம் பேசினார். நம் பையிலிருக்கும் சீப்பு சுதேசியா விதேசியா என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை என்று வருத்தப்பட்டார். வாஸ்தவமே. சீப்பு எவ்வூரில் செய்யப்பட்டது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. கப்பல் கப்பலாக இறங்கும் பஞ்சு எவ்வூரில் விளைந்தது என்பது சர்க்காருக்கு நன்றாகத் தெரியும்.

நாம் இறக்குமதிக்கு விரோதிகளல்ல. ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகளின் மீது 50 சதவிகிதத் தீர்வையைச் சுமத்தியது. திருப்பூரில் பனியன் தைக்கும் தொழிலாளியின் வயிற்றில் அந்த அடி விழுந்தது. அவனும் நம்மவனே. ஆலைக்காரர்கள் மலிவான பஞ்சு வேண்டுமென்று முறையிட்டதில் நியாயம் உண்டு. 2022-இல் இதே தீர்வையை நீக்கச் சொல்லி டில்லிக்கு எழுதியது அன்று சென்னையிலிருந்த ஸ்ரீ ஸ்டாலினின் சர்க்கார்தான். அவ்வருஷமும் சில மாதங்கள் நீக்கினார்கள். ஆகவே இது ஒரு கட்சியின் குற்றமன்று. ஆலையின் தேவையும் வயலின் தேவையும் மோதும்போது இன்னதைத் தேர்ந்தோம், இன்ன காரணத்தால் தேர்ந்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் தைரியம் எந்தத் தரப்பிலும் காணோம் என்பதே நமது குறை. தீர்வையை நீக்குவது இரவு நேரத்து உத்தரவில். சுதேசியம் பேசுவது பகல் நேரத்து மேடையில்.

இவ்வழக்கம் புதிதன்று. 182 மீட்டர் உயரமுள்ள சர்தார் படேல் சிலை 2018 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்டது. அதன்மேல் போர்த்தியிருக்கும் வெண்கலத் தகடுகள் சீனத்தில் வார்க்கப்பட்டவை. தமிழ்நாட்டிலோ, 2022-இல் பாரதீய ஜனதாக் கட்சியின் மாகாணத் தலைவராயிருந்த ஸ்ரீ அண்ணாமலை, ரஃபேல் விமானத்தின் பெயரால் செய்யப்பட்ட அன்னிய நாட்டுக் கைக்கடிகாரத்தைக் கட்டுவதையே தேசபக்தியாக எடுத்துரைத்தார். எதிர்க்கட்சியாரோ ரசீது எங்கே என்று கேட்டார்கள்! சுதேசியத்தின் கதி இவ்வளவில் வந்து நிற்கிறது.

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1907-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த 'காலியா' கப்பலும் ஐரோப்பாவில் வாங்கியதே. அதை அவர் மறைக்கவில்லை. இங்கே அத்தகைய கப்பல் கட்ட வகையில்லாததால் வாங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டு ஓட்டினார். அதற்காகச் சிறையில் செக்கிழுத்தார். அன்னியப் பொருளை வாங்கியதால் அவருடைய சுதேசியம் மாசுபட்டதாக எவரும் சொன்னதில்லை.

விருத்தாசலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் அவ்வூர்ப் பீங்கான் தொழிலுக்கு உதவுகிறது. பொம்மைகளும் அகல் விளக்குகளும் அங்கே உருவாகின்றன. (அந்தத் தொழிலுக்குரிய வெள்ளை மண்ணுக்குச் சீனக் களிமண் என்று பெயர் வழங்குவது வேறு விஷயம், பெயருக்குப் பகிஷ்காரம் வேண்டுமென்று யாரும் கிளம்பாதிருப்பார்களாக.) 2020 ஜூனில் நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் தமிழ்நாட்டுக் கட்சித் தொண்டர்களிடம் பேசுகையில், பிள்ளையார் உருவத்தைக்கூடச் சீனத்திலிருந்து தருவிக்க வேண்டுமா என்று கேட்டார். மிகவும் சரியான கேள்வி. ஆனால் 2020-21-இல் சீனத்திலிருந்து வந்த சரக்கின் மதிப்பு சுமார் 6,500 கோடி டாலர். 2024-25-இல் அது 11,300 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பகுதி யந்திரங்களும் மின்சாதனங்களும் ரசாயனங்களுமே. அவற்றை இங்கே செய்விக்கும் பொறுப்பு பிள்ளையார் வாங்கும் கிருகஸ்தனுடையதன்று.

2025-இல் பிள்ளையார் சதுர்த்தி ஆகஸ்டு 27 அன்று வந்தது. களிமண் பிள்ளையாருக்கு ஜனங்கள் எருக்கமாலை சூட்டிய மறுநாள், பஞ்சுத் தீர்வை நீக்கம் நீட்டப்பட்டது. 2025-26 பருவத்தில் நீண்ட இழைப் பருத்திக்குச் சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். அவ்விலைக்குச் சர்க்காரின் பருத்திக் கழகம் எடுத்துக்கொண்டால் சரி. எடுக்காவிட்டால் மங்களூரான் வியாபாரி சொல்லும் விலைக்கே போட்டுவிட்டு வர வேண்டும். சர்க்காரை நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. தீர்வையை எந்த நாளில் நீக்குவார்கள், எந்த நாளில் மீண்டும் விதிப்பார்கள் என்பதை, அவன் விதையை மண்ணில் போடுவதற்கு முன்னரே, சுதேசியம் பேசும் அந்த மேடையிலிருந்தே அறிவிக்கட்டும்.