முழக்கோலுக்கு அகப்படாத வீரர்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அதை வாயாற் சொல்வது எளிது. பிறரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைக்கு வந்தவுடன் அதனை மறந்துவிடுவதும் எளிது. வந்து நிற்பவனுடைய உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, ஆளையே அறிந்துவிட்டதாக எண்ணும் வழக்கம் எத்தகைய பிழைக்கு இடங்கொடுக்கும் என்பதை, அமெரிக்கக் கால்பந்து வீரரும் பயிற்சியாளருமாயிருந்த ஸாம் மில்ஸ் என்பவரின் சரித்திரம் நன்கு விளக்குகிறது.

அமெரிக்கர் கால்பந்து என்று கூறுவது நாம் அறிந்த கால்பந்தன்று. கக்ஷிக்குப் பதினொருவர் நின்று, நீண்டு உருண்ட பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குக் கொண்டுபோகும் ஆட்டம் அது. காக்கும் கக்ஷியில் முன்வரிசையாருக்குப் பின்னால் நிற்பவர்களை லைன்பேக்கர்கள் என்பர். பந்து எப்பக்கம் வரும் என்பதை ஒரு கணத்தில் ஊகித்துப் பாய்ந்து, அதை ஏந்தி ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது அவர்களுடைய கடமை. இந்த ஸ்தானத்துக்கு ஆறடிக்கு மேற்பட்ட ஆஜானுபாகுகளையே தேடுவது வழக்கம். மில்ஸோ 5 அடி 9 அங்குல உயரமே உள்ளவர்.

நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் 1959-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிறந்த அவர், மாண்ட்கிளேர் ஸ்டேட் என்னும் சிறிய கலாசாலையில் பயின்று ஆடினார். 1981-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் கோஷ்டியார் அவரைப் பரீக்ஷித்துப் பார்த்து விலக்கிவிட்டனர். மறு வருஷம் கனடா தேசத்து டொரான்டோ கோஷ்டியாரும் அவ்வாறே செய்தனர். மில்ஸ் ஊருக்குத் திரும்பி, ஈஸ்ட் ஆரஞ்ச் நகரத்து உயர்தரப் பாடசாலையில் புகைப்படக் கலை கற்பிக்கும் உபாத்தியாயரானார். இரு தேசத்தாரும் வேண்டாமென்ற பிறகு, பெரும்பாலோர் அந்த உத்தியோகத்தோடு திருப்தி அடைந்திருப்பர்.

அவர் அடையவில்லை. 1983-இல் புதிதாக ஏற்பட்ட மற்றொரு லீக்கில் பிலடெல்பியா ஸ்டார்ஸ் என்ற கோஷ்டியிடம் சென்று இடம் கேட்டார். அங்கே பயிற்சியாளராயிருந்த ஜிம் மோராவுக்கும் முதலில் அவர் உயரத்தைப் பற்றிச் சந்தேகமே. ஆயினும் நாள்தோறும் மைதானத்தில் நடந்ததைக் கண் கண்டது; சந்தேகம் ஒழிந்தது. அந்த லீக் நடந்த மூன்று வருஷங்களிலும் ஸ்டார்ஸ் இறுதிப் போட்டிக்குச் சென்று, 1984-லும் 1985-லும் வாகை சூடியது.

1986-இல் மோரா, நியூ ஆர்லியன்ஸ் ஸெயின்ட்ஸ் கோஷ்டிக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றபோது மில்ஸையும் உடனழைத்துச் சென்றார். விலக்கப்பட்டவர் தமது 27-ஆம் வயதில் தேசிய லீக்கினுள் புகுந்தார். 1967 முதல் ஆடிவந்தும், தோல்வியைக் காட்டிலும் வெற்றி மிகுந்த வருஷம் ஒன்றையேனும் காணாத அந்தக் கோஷ்டி, 1987-இல் முதன் முறையாக அதைக் கண்டது. 1992-ஆம் வருஷத்து ஆட்டத்துக்காக அதன் நான்கு லைன்பேக்கர்களும் ஒருங்கே தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். மில்ஸ் அவர்களில் ஒருவர். தாம் பயிற்றுவித்தவர்களுள் மில்ஸே தலைசிறந்தவர் என்று மோரா பிற்காலத்தில் கூறினார்.

1995-இல் புதிதாகத் தோன்றிய கரோலைனா பாந்தர்ஸ் கோஷ்டியில் அவர் சேர்ந்தார். முதல் ஐந்து ஆட்டங்களிலும் அது தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் எதிரி எறிந்த பந்தை மில்ஸ் இடைமறித்துப் பற்றி 36 கஜம் ஓடி எல்லையைத் தொட்டார். கோஷ்டியின் முதல் ஜயம் அன்று கிட்டியது. 1997-ஆம் வருஷத்து ஆட்டங்கள் முடிந்ததும் அவர் ஆட்டத்தினின்று விலகி, அதே கோஷ்டியில் பயிற்சியாளரானார்.

2003-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அவருக்குக் குடலில் புற்றுநோய் கண்டிருப்பதாகவும், ஆயுள் சில மாதங்களே என்றும் வைத்தியர்கள் தெரிவித்தனர். அதே மாதத்தில் அவருடைய மாணாக்கரான மார்க் பீல்ட்ஸ் என்ற லைன்பேக்கருக்கும் வேறொரு வகைப் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. பீல்ட்ஸ் சிகிச்சை பெற்று மறு வருஷம் மைதானம் திரும்பினார். மில்ஸ் கடுமையான மருந்துகளை உட்கொண்டே பயிற்சியை நடத்தி வந்தார். 2004 ஜனவரியில் டல்லாஸ் கோஷ்டியுடன் நடந்த முக்கியமான போட்டிக்கு முன்பு, அவர் வீரர்களிடம் பேசினார். நோயை அறிந்த அன்று தமக்கு முன் இரண்டே வழிகள் இருந்தன, கைவிடுவது ஒன்று, விடாமல் மோதிக்கொண்டே இருப்பது மற்றொன்று என்றும், தாம் இரண்டாவதையே கொண்டதாகவும் கூறினார். ‘கீப் பவுண்டிங்’ என்ற அவ்விரு சொற்கள் அன்று முதல் அந்தக் கோஷ்டியின் மந்திரமாயின.

பாந்தர்ஸ் அன்று 29–10 என்று வென்றது. மேலும் இரு போட்டிகளை வென்று, ஹூஸ்டன் நகரில் பிப்ரவரி 1-ந் தேதி நடந்த மகா இறுதிப் போட்டியையும் எட்டியது. அங்கே 29–32 என்று, கடைசிச் சில விநாடிகளில் தோற்றது. வென்றிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும் என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மோதிக்கொண்டே இருங்கள் என்றாரேயன்றி, மோதினால் ஜயம் நிச்சயம் என்று மில்ஸ் ஒருபோதும் வாக்களிக்கவில்லை. பலன் கிட்டாத நாளிலும் பொருள் கெடாத சொல்லே தொண்டர்களுக்கு ஒரு தலைவர் கொடுக்கத்தக்கது.

சில மாதங்களே என்று சொல்லப்பட்டவர் இருபது மாதங்கள் பணியாற்றி, 2005 ஏப்ரல் 18-ந் தேதி, 45-ஆம் வயதில் காலமானார். அவர் அணிந்த 51-ஆம் எண்ணைப் பாந்தர்ஸில் பின்னர் எவருக்கும் அளிக்கவில்லை. 2012 முதல் அவருடைய இரு சொற்களை ஆட்டச் சட்டையின் கழுத்துப் பட்டைக்குள் தைத்தனர். தேசியக் கால்பந்து வீரர்களின் கீர்த்தி மண்டபம், அவரைச் சாதாரண முறையில் ஏற்பதற்குரிய கடைசி வருஷமான 2022-இல்தான் ஏற்றது. அளப்பதில் அவசரப்பட்டவர்கள், பிழையை உணர்வதில் இத்தனை தாமதித்தனர்!

இன்றும் ஆட்களைத் தெரிந்தெடுக்கும் இடங்களில் முழக்கோல் இருந்தே வருகிறது. அது உடலின் உயரமாயிருக்கலாம், பட்டமாயிருக்கலாம், பிறப்பாயிருக்கலாம். தள்ளப்பட்ட மறுநாள் ஒருவன் என்ன செய்கிறான் என்பதையும் அந்த அளவோடு சேர்த்துக் கொள்ளட்டும்.