ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டக் கிராமங்களில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் இலவசம். துணை சுகாதார நிலையமும் இருந்தது. நர்ஸ் பதவியும் இருந்தது. நர்ஸ்தான் பல நாட்கள் இருப்பதில்லை. 2002-03ல் நடந்த ஓர் ஆய்வின்போது, அங்குள்ள துணை நிலையங்களில் சராசரியாக 45 சதவீத மருத்துவ ஊழியர்கள் பணி நேரத்தில் ஆளில்லை. ஒருநாள் கூலியை இழந்து, குழந்தையைச் சுமந்து நடந்து வந்த தாய் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், மறுபடி வரத் தோன்றுமா?

பி.சி.ஜி., முத்தடுப்பு, போலியோ, தட்டம்மை என்று எல்லாவற்றையும் முடிக்கக் குறைந்தது ஐந்து முறை வரவேண்டும்.

இங்குதான் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம், பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினருடன் சேர்ந்து 2004ல் களமிறங்கியது. 30 கிராமங்களில் மாதந்தோறும் குறித்த தேதியில் தவறாமல் முகாம். வேறு 30 கிராமங்களில் அதே முகாமுடன், ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பு. எல்லா ஊசிகளும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள்.

2007 வரை நடந்த இந்தச் சோதனையின் முடிவு: முகாமே இல்லாத கிராமங்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த இடங்களில் 18. பருப்பும் கிடைத்த இடங்களில் 39. ஊசி மீதான பயமோ அறியாமையோ மட்டுமே தடையாக இருந்திருந்தால், ஒரு கிலோ பருப்பு இத்தனை பேரை வரவழைத்திருக்காது. முதல் ஊசிக்குப் பலரும் வந்தார்கள். அடுத்தடுத்த ஊசிகளைத்தான் நாளை, மறுநாள் என்று தள்ளிப்போட்டார்கள்.

'இது லஞ்சம் இல்லையா?' என்று கேட்கலாம். கணக்கு வேறு கதை சொல்கிறது. பருப்பு கொடுத்த முகாம்களில் ஒரு குழந்தைக்கு எல்லா ஊசிகளும் போட்டு முடிக்க ஆன செலவு சுமார் 1,100 ரூபாய். கொடுக்காத முகாம்களில் 2,200. காரணம் எளிது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நர்ஸின் சம்பளம் ஒன்றுதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 76 சதவீதக் குழந்தைகளே முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள். மீதிப் பேரின் பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன், அவர்கள் ஊர் சுகாதார நிலையத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பருப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.