பாலிமரைக் கலந்தால் எண்ணெய் ஏன் சுலபமாக ஓடுகிறது?

அலாஸ்காவின் குறுக்கே 1,287 கி.மீ. நீளும் எண்ணெய்க் குழாயில் 1979-இல் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமரைக் கலக்கத் தொடங்கினார்கள். பத்து லட்சம் பங்கு எண்ணெய்க்குச் சில பங்குகள் போதுமானதாக இருந்தது. அதே பம்புகள் கூடுதல் எண்ணெயைத் தள்ளின. பிசுபிசுப்பைக் கூட்டும் பாலிமரைச் சேர்த்தால் ஓட்டம் மந்தமாக வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சீரான, மெதுவான ஓட்டத்தில் மந்தமாகத்தான் செய்யும். ஆனால் வேகமெடுத்த திரவம் சீராகச் செல்வதில்லை. சுவரோரம் பிறக்கும் சிறு சுழல்கள் வேகமான திரவத்தைச் சுவரின்மேல் மோதவிட்டு, மந்தமானதை நடுவே வீசுகின்றன. பம்பின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் குறுக்கோட்டத்துக்கே போகிறது.

பள்ளி விட்டதும் ஓடும் பிள்ளைகளை ஒரே ரப்பர் நாடாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது பக்கவாட்டில் விலகினால் நாடா இழுபடும். விலகல் அடங்கும், முன்னோக்கிய ஓட்டம் தொடரும். சுருண்டு கிடக்கும் பாலிமரும் சுழலில் சிக்கியதும் நீண்டு, எதிர்த்து இழுத்து, சுழலின் பலத்தைக் குறைக்கிறது.

பாலிமர் சுவரில் படிந்து வழுக்கச் செய்கிறதோ என்ற ஐயம் எழலாம். அப்படியானால் மெதுவான ஓட்டத்திலும் பலன் தெரிய வேண்டும், தெரிவதில்லை. சங்கிலிகளைத் துண்டாக்கினால், அளவு குறையாதபோதும் பலன் போய்விடுகிறது. ஆக, வேலை செய்வது நீளம். ஆய்வாளர் டாம்ஸ் 1948-இல் அறிவித்த இந்த விளைவின் பலவீனமும் அதுவே: பம்பின் சுழற்சி சங்கிலிகளை அறுத்துவிடுவதால், பம்பைத் தாண்டியதும் புதிதாகக் கலக்க வேண்டியிருக்கிறது.