கீழடுக்கை மாற்றினால்

2025 அக்டோபர் 7 அன்று பைத்தான் 3.14 வெளியானது. வட்டக் கணக்கில் வரும் அதே எண் என்பதால் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. வாசகர் ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை: “டாக்கர்ஃபைலின் முதல் வரியில் 3.13ஐ 3.14 ஆக்கினேன். மாறியது ஒரே ஓர் இலக்கம். தினமும் நொடியில் முடிகிற பில்ட், கால் மணி நேரம் ஓடிவிட்டு ‘ஜிசிசி இல்லை’ என்று நின்றுவிட்டது. ஏன்?”

புதிய பதிப்பின் அருமை பெருமைகளைவிட இந்தப் பிழைச் செய்தியில்தான் சமாச்சாரம் இருக்கிறது.

கன்டெய்னர் இமேஜ் என்பது அடுக்குகளின் தொகுப்பு. அதைக் கட்டுவதற்கான செய்முறைக் குறிப்பான டாக்கர்ஃபைலில், கோப்புகளைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடுக்கை உண்டாக்கும். அடுக்கின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எஸ்ஹெச்ஏ-256 எண்தான் அதன் அடையாளம். பில்டின்போது, அதாவது இமேஜைக் கட்டும்போது, டாக்கர் கருவி பார்ப்பது இரண்டே: கீழே இருப்பது அதே அடுக்கா, கட்டளை எழுத்துக்கு எழுத்து அதேதானா. கோப்பை நகலெடுக்கும் வரியென்றால் கோப்பின் உள்ளடக்கத்தையும் பார்க்கும். எல்லாம் ஒத்துப்போனால் பழைய அடுக்கையே எடுத்து வைத்துக்கொள்ளும்.

டிபன் கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சோறு, மேலே சாம்பார், அதற்கும் மேலே பொரியல். சோறு மாறினால் சாம்பாரையும் பொரியலையும் கொட்டிவிட்டு மறுபடி சமைக்கிற பிடிவாதக்காரர் டாக்கர். வாசகர் மாற்றிய முதல் வரிதான் அந்தச் சோறு. ஐம்பது கேரியர்களுக்கும் அடியில் ஒரே சோற்றுக் கிண்ணம் இருக்கலாம். ஒருமுறை வைத்த சோற்றை யாரும் தொட முடியாது என்பதால் பங்கு போடுவதில் சண்டை இல்லை. பொரியல் பிடிக்கவில்லையா? எடுத்துப் போட முடியாது. மேலே இன்னோர் அடுக்கு வைத்து, ‘பொரியல் இல்லை’ என்று சீட்டு ஒட்டலாம். சாப்பிடுகிறவர் கண்ணுக்குப் பொரியல் தெரியாது. தூக்கிப்போகிறவருக்குக் கனம் குறையாது. இப்படி ஒரு கேரியர் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்காது, தெரியும்.

ஆனால் அந்தச் சீட்டு நிஜம். ஒயிட்அவுட் என்ற பெயரில், அழித்த கோப்பின் பெயரைச் சுமந்த ஒரு காலிக் கோப்பு அது. கடவுச்சொல்லை ஓர் அடுக்கில் வைத்து அடுத்த அடுக்கில் அழித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அழித்தாலும் கனம் குறையாது என்பதால்தான், பைத்தானின் ‘ஸ்லிம்’ என்ற மெலிந்த இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் மூச்சுவிடாத ஒரு நீளக் கட்டளை இருக்கிறது. கம்பைலரை நிறுவு, மூலநிரலை இறக்கு, கம்பைல் செய், கம்பைலரைத் தூக்கு: அத்தனையும் ஒரே அடுக்கு மூடுவதற்குள் நடந்தாக வேண்டும். டெபியன், அல்பைன் என்று ஒவ்வொரு லினக்ஸ் ரகத்துக்குமான டாக்கர்ஃபைலை ஒரு வார்ப்புருவிலிருந்து நிரலே எழுதித் தள்ளுகிறது. அங்கும் 3.14 சும்மா நுழையவில்லை. அந்தப் பதிப்பிலிருந்து பைத்தான் குழு பிஜிபி கையொப்பமிடுவதை நிறுத்திவிட்டதால், இறக்கிய கோப்பைச் சரிபார்க்கும் வழியும் மாற வேண்டியிருந்தது.

இப்போது வாசகரின் ஜிசிசி, அதாவது சி மொழிக் கம்பைலர். சி மொழிப் பகுதிகள் கொண்ட பைத்தான் நூலகங்கள், முன்பே கம்பைல் செய்த ‘வீல்’ கோப்புகளாக வருகின்றன. பெயரிலேயே சிபி313 என்று பதிப்பு ஒட்டியிருக்கும். பல பதிப்புகளுக்கும் பொருந்தும் ஏபிஐ3 முத்திரை பெற்ற சிலவற்றைத் தவிர, மற்றதை 3.14 தொடாது, அதற்கு சிபி314 வேண்டும். நூலகத்தார் அதை இன்னும் வெளியிடவில்லை என்றால், நூலகங்களை நிறுவும் பிப், மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்யப் பார்க்கும். வாசகர் எடுத்த ஸ்லிமில் கம்பைலர் ஏது? அதைத்தான் தூக்கிவிட்டார்களே.

கன்டெய்னர் வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1979இல் யூனிக்ஸில், நிரலை ஒரு கோப்புறைக்குள் அடைக்கும் சிஎச்ரூட்; 2008இல் லினக்ஸ் கர்னலில், நிரலின் வளங்களுக்கு வரம்பு போடும் சிகுரூப்ஸ்; 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில், பைத்தான் மாநாட்டிலேயே, சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடத்தில் டாக்கரைக் காட்டினார். போதும்.

‘3.14 வந்தது, ஜிஐஎல் ஒழிந்தது’ என்று எழுதியவர்களை நம்பி அவசரப்பட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டுமே ஓடவிடும் அந்தப் பூட்டு இல்லாத பைத்தான், இன்னும் தனி பில்டுதான், 3.14இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்திருக்கிறது, அவ்வளவே. வழக்கமான 3.14 இமேஜில் வருவது பூட்டுள்ளது. பூட்டில்லாததைத் தேடிப் போனால் வீலும் தனி: சிபி314டி. அது கிடைக்காத நூலகத்துக்கு மறுபடியும் ஜிசிசி.

வாசகர் ஸ்லிம் அல்லாத 3.14 இமேஜில் முதலில் நூலகங்களைக் கம்பைல் செய்துவிட்டு, விளைந்த கோப்புகளை மட்டும் ஸ்லிமுக்கு நகலெடுக்கலாம். அல்லது சிபி314 வரும்வரை 3.13இலேயே இருக்கலாம்; அதற்கு 2029 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.