பெயர் பட்டாணி, ஆனால் சாப்பிட முடியாது!



போன தவணையில் படிவம் இரண்டு மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பகுதி ஒன்று தயாரித்தேன். அதில் 'ஸ்வீட் பீ' என்ற பூச்செடியை, யோசிக்காமல் 'இனிப்புப் பட்டாணி' என்று எழுதிவிட்டேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இதைக் கறியில போடலாமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம், இந்தச் செடியின் விதைகள் நச்சுத்தன்மை கொண்டவை.

ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஸ்வீட்' ருசியைக் குறிக்கவில்லை, வாசனையைக் குறிக்கிறது. 'லாத்திரஸ் ஓடராட்டஸ்' என்ற தாவரவியல் பெயரிலும் இரண்டாவது சொல்லுக்கு 'மணமுள்ளது' என்றுதான் பொருள்.

இதைப் பாடத்தில் பயன்படுத்த விரும்புவோருக்குச் சில தகவல்கள்:

இது இத்தாலியின் சிசிலித் தீவில் காட்டுச் செடியாக வளரும் ஒரு கொடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வேலியில் படரும் சங்குப்பூவும் இதே குடும்பம்தான். பற்றுக்கம்பிகளால் பிடித்து ஏறும். ஓராண்டிலேயே பூத்து, காய்த்து, காய்ந்துவிடும். காட்டுப் பூவில் மேலிதழ் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. கீழிதழ்கள் வெளிர் ஊதா. பூ சிறியது, மணமோ தூக்கலானது.

1699இல் பிரான்செஸ்கோ குப்பானி என்ற சிசிலித் துறவி இதன் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்ட ராபர்ட் யூவ்டேல் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி எக்ஃபோர்ட் பெரிய பூக்கள் கொண்ட வகைகளை உருவாக்கினார். அதன்பின் வந்த பல வகைகளில் பூ பெரிதானது, வாசனை குறைந்தது.

அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்துவோருக்கு இன்னொன்று. மெண்டல் ஆராய்ந்தது நாம் சாப்பிடும் பட்டாணியை. அவருக்குப் பின் பேட்சன், பன்னெட் இருவரும் இந்தப் பூச்செடியை ஆராய்ந்தார்கள். இரண்டு வெள்ளைப் பூ வகைகளைக் கலந்தபோது ஊதாப் பூ வந்தது! ஊதா நிறத்துக்கு இரண்டு மரபணுக்கள் தேவை. ஒவ்வொரு வெள்ளை வகையிலும் அவற்றில் ஒன்று செயல்படவில்லை. பிள்ளைச் செடிக்கு இரண்டும் கிடைத்ததால் நிறம் வந்தது.

இப்போது என் பயிற்சித்தாளில் 'மணப்பட்டாணிப் பூ' என்று திருத்திவிட்டேன். பக்கத்திலேயே 'விதையை உண்ணக் கூடாது' என்ற வரியும் இருக்கிறது. உங்கள் மாணவர்களிடம் இதற்கு ஒரு தமிழ்ப் பெயர் கேட்டுப் பாருங்கள். சொல்லைப் பெயர்க்கும் முன் பொருளைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கே புரியும். எனக்கு அந்த மாணவியின் கேள்வியால்தான் புரிந்தது.