வித்வன்சக்: நவல்பட்டில் உருவாகும் கனத்த துப்பாக்கி

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் வித்வன்சக், ஆட்களைவிடப் பொருள்களைக் குறிவைத்தே வடிவமைக்கப்பட்டது. பதுங்குகுழி, ரேடார், எரிபொருள் தொட்டி, கவசம் குறைந்த வாகனம் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து செயலிழக்கச் செய்வதே இதன் வேலை. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என மூன்று அளவுத் தோட்டாக்களுக்கு இது தயாராகிறது. ஆனால் இயங்கும் முறை பழையது. பழைய 303 ரைபிளைப் போலவே, ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும்.

1966இல் நவல்பட்டில் தொடங்கிய இந்த ஆலை, இன்சாஸ் ரைபிள்களால் பெயர் பெற்றது. இத்தகைய கனரகத் துப்பாக்கிகளை இந்தியா முதலில் தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்திடமிருந்துதான் வாங்கி வந்தது. ஆயுத பேரங்களில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்ததால், 2005இல் அந்த நிறுவனத்துடனான தொடர்பு நின்றது. அதன்பின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் துணையோடு திருச்சி ஆலை சொந்தமாக உருவாக்கியதே வித்வன்சக். டெனலின் என்.டி.டபிள்யூ-20 துப்பாக்கியின் சாயல் இதில் வெளிப்படையாகவே தெரிகிறது.

தானியங்கித் துப்பாக்கிகள் பெருகிய காலத்தில் கையால் இயக்கும் போல்ட் எதற்கு? விடை துல்லியத்தில் இருக்கிறது. இன்சாஸ் போன்ற ரைபிளில், வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு பங்கு குழலின் நடுவிலிருந்து பிரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. குண்டு குழல்முனையை விட்டு நீங்குமுன்பே இந்த இயக்கம் குழலில் அதிர்வைச் சேர்க்கத் தொடங்கிவிடும். போல்ட் துப்பாக்கியில் அந்த ஏற்பாடே கிடையாது. கைப்பிடியை முன்னே தள்ளித் திருகினால் போல்ட்டின் பூட்டுக்காதுகள் அவற்றுக்குரிய பள்ளங்களில் சிக்கிக்கொள்ளும். தோட்டாவின் அடி ஒரே நிலையில் இறுகி நிற்கும். சுடும் கணத்தில் தோட்டா அறையில் எழும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்று டன்னைத் தாண்டும். அந்த விசை முழுவதையும் தாங்குபவை அந்தக் காதுகள்தான். அவை பள்ளங்களில் சமமாகப் படியாவிட்டால் போல்ட் நூலிழை சாயும். அந்தச் சாய்வு குண்டின் பாதையிலும் தெரியும். ஒரு போல்ட் துப்பாக்கியை மதிப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். தொலைநோக்கியும் மற்ற துணைக்கருவிகளும் பிறகுதான்.

அடுத்தது பின்னுதைப்பு. 12.7 மி.மீ. குண்டின் எடை சுமார் 48 கிராம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 17,000 ஜூல், அதாவது இன்சாஸ் குண்டின் ஆற்றலைப்போலச் சுமார் பத்து மடங்கு. உந்த அழிவின்மை விதிப்படி, குண்டு பெறும் உந்தத்துக்கு ஈடானது துப்பாக்கிக்கும் எதிர்த்திசையில் கிடைக்கும். குண்டின் பங்கை மட்டும் கணக்கிட்டாலே, 4 கிலோ துப்பாக்கி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தோளை இடித்திருக்கும். வித்வன்சக் 25 கிலோ எடை கொண்டது என்பதால் அந்த வேகம் சுமார் 1.6 மீட்டராகக் குறைகிறது. வெளியேறும் வாயுவின் உதைப்பு இதற்குமேல் சேரும். ஆகவே குழலும் போல்ட் பகுதியும் ஒரு சட்டகத்துக்குள் பின்னோக்கிச் சறுக்கி, அதிர்வுத் தணிப்பானில் போய் அழுந்துகின்றன. குண்டு குழலுக்குள் இருக்கும் மூன்று மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் இந்தச் சறுக்கல் சில மில்லிமீட்டர்தான். அதுவும் குழலின் நேர்கோட்டிலேயே நடப்பதால் குறி பெரிதும் கலைவதில்லை. சுடுபவரின் தோளையும் குறியையும் ஒருசேரக் காக்கும் இந்த ஏற்பாடே வித்வன்சக்கின் வடிவமைப்பில் மிகவும் பாராட்டத்தக்கது.

12.7 மி.மீ. வகை 1,800 மீட்டர் வரை பயன்தரும் என்று சொல்லப்படுகிறது. அவ்வளவு தொலைவைக் கடக்கக் குண்டுக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூன்று விநாடியில் எந்தப் பொருளும் 44 மீட்டர் விழும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரத்தில் பாதியைவிட இது அதிகம். அந்த வீழ்ச்சியை ஈடுகட்டக் குழலை முன்கூட்டியே உயர்த்திக் குறிவைக்க வேண்டும். 8 மடங்கு உருப்பெருக்கும் தொலைநோக்கி இதற்கு உதவுகிறது. பக்கக் காற்றைக் கணிப்பது சுடுபவரின் பயிற்சியைப் பொறுத்தது. குறி ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினால், 1,800 மீட்டரில் குண்டு அரை மீட்டர் தள்ளிப் போய் விழும். வாகனத்தைக் குறிவைப்பவருக்கு அது போதுமான துல்லியம்.

களத்திலேயே குழல், போல்ட், மேகசின் முதலியவற்றை மாற்றி ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குப் போகலாம். இறக்குமதித் துப்பாக்கி இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோன காலத்தில் இது சுமார் பத்து லட்சத்துக்குக் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. எல்லைப் பாதுகாப்புப் படை இதை வாங்கியது. நிலையான காவல் அரண்களுக்கு இது நல்ல பொருத்தம். தரைப்படையோ எடை வரம்பைக் காட்டி ஒதுக்கியது. பகுதிகளாகப் பிரித்தாலும் இதைச் சுமக்க இரண்டு பேர் வேண்டும். மலை ஏறும் வீரருக்கு அது சிறிய சுமையல்ல. எடையைக் குறைப்பதானால் மேலும் திறமான தணிப்பானும் குழல்முனைத் தடுப்பும் தேவை. அடுத்த வடிவத்தில் பொறியாளர்கள் கவனம் செலுத்த வேண்டிய இடங்கள் இவை இரண்டும்தான்.